ஏழு நாள் சைக்கிள்

யு.ஏ.இ. டூர் பற்றி ஐரோப்பியச் சைக்கிள் விமர்சகர்கள் பிப்ரவரி தோறும் ஒரு புகார் சொல்வார்கள். ஏழு நாள் பந்தயத்தில் ஐந்து நாள் ஒன்றுமே நடப்பதில்லை என்பார்கள். நேர்கோட்டு நெடுஞ்சாலை, இருபுறமும் மணல், எப்போதாவது ஓர் ஒட்டகப் பண்ணை, கடைசி மூன்று கிலோமீட்டரில் ஒரு பாய்ச்சல். மிச்சமிருக்கும் இரண்டு நாள் மலை. ஒன்று ராஸ் அல் கைமாவின் ஜெபெல் ஜெய்ஸ். மற்றது அல் ஐன் நகருக்குப் பக்கத்தில் ஓமான் எல்லையில் நிற்கும் ஜெபெல் ஹஃபீத். பொகாச்சார் வந்திருந்தால் அவர் வெல்வார், வராவிட்டால் வேறு யாராவது வெல்வார்கள். இதற்கு எதற்கு ஏழு நாள் என்று கேட்கிறார்கள்.

ஜுபைலில் உட்கார்ந்து இந்தப் பந்தயத்தை 2019இல் தொடங்கிய நாளிலிருந்து பார்த்து வருகிறேன். புகாரில் பாதி உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மறுபாதி பந்தயத்தின் குறையல்ல, அதைச் சொல்லும் விதத்தின் குறை. பல நாள் ஓடும் ஒரு சைக்கிள் பந்தயம் அடிப்படையில் ஒரு நீண்ட கதை. அதை யார் சொல்கிறார்கள், எதைக் காட்டுகிறார்கள், எந்த இடத்தில் கேமராவை அணைக்கிறார்கள் என்பதையெல்லாம் ஒரு நாவலை விமர்சிப்பதைப் போலவே விமர்சிக்கலாம். கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டைப் பற்றித் தமிழில் இப்படி எழுதும் வழக்கம் நமக்கு அநேகமாக இல்லை. அதனால் கொஞ்சம் அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

கட்டப் பந்தயத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெற்றியாளர். ஆனால் எல்லா நாள்களின் நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவாக வருகிறதோ அவரே பந்தயத்தை வென்றவர். ஒரு கட்டம்கூட வெல்லாமல் பந்தயத்தை வெல்ல முடியும். கட்டத்தில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்கு 10, 6, 4 நொடிகள் என்று சலுகை உண்டு. 2024 யு.ஏ.இ. டூரை லென்னர்ட் வான் ஈட்வெல்ட் வென்றது, ஏழு நாள் கணக்கில், வெறும் 2 நொடி வித்தியாசத்தில். இரண்டாவதாக வந்தவர் ஆஸ்திரேலியரான பென் ஓ'கானர். இவரைப் பிறகு இன்னொரு மலையில் சந்திப்போம்.

அணிக்கு ஏழு பேர். பிரான்ஸ் டூர் போன்ற மூன்று வாரப் பந்தயங்களில் எட்டுப் பேர். அந்த ஏழில் ஒருவர்தான் தலைவர். மற்ற ஆறு பேரும் அவருக்காகக் காற்றை வாங்குபவர்கள். முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். எனவே சமதளத்தில் தனியே ஓட்டுபவருக்கும் கூட்டத்துக்குள் ஓட்டுபவருக்கும் இடையே திறமையைவிடப் பெரிய வித்தியாசம் காற்றுதான். இந்த ஒரு பௌதிக உண்மையிலிருந்தே பந்தயத்தின் அரசியல், நட்பு, துரோகம், கூலி எல்லாம் கிளைக்கின்றன.

காற்று என்றால் ஜுபைல்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வடமேற்கிலிருந்து ஷமால் அடிக்கும் நாளில் தொழிற்பேட்டையின் ஃபிளேர் கோபுரங்களில் எரியும் தீ எல்லாம் ஒரே பக்கம் படுத்துக் கிடக்கும். ஒவ்வொரு ஆலையிலும் கம்பத்தின் உச்சியில் ஒரு காற்றுப் பை தொங்குகிறது. பாதுகாப்புப் பயிற்சியில் முதல் நாளே சொல்வார்கள்: வாயுக் கசிவுச் சங்கு ஒலித்தால் அந்தப் பையைப் பார், காற்றுக்குக் குறுக்காக நட. எங்களுக்குக் குறுக்குக்காற்றின் திசை உயிர் பிழைக்கும் திசை. சைக்கிள் பந்தயத்தில் அதுவே பலபேரைக் கொல்லும் திசை.

காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது நேர் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. முன்னவரின் பக்கவாட்டில், சாய்வாக, சாலையின் குறுக்கே ஒரு வரிசை அமைக்க வேண்டும். பெல்ஜியக்காரர்களின் பரம்பரைக் கலை இது. எஷெலான் என்று பெயர். சாலையின் அகலம் எவ்வளவோ அத்தனை பேருக்குத்தான் அந்த வரிசையில் இடம். பத்துப் பதினைந்து பேர் நிறைந்ததும் அடுத்தவர் சாலையோரத்தில் ஒற்றை வரிசையாக, மறைப்பே இல்லாமல் தொங்க வேண்டியதுதான். சில நிமிடங்களில் கயிறு அறுந்துவிடும். முதல் குழு போயே போய்விடும். 2002 முதல் 2016 வரை நடந்த கத்தார் டூர் முழுக்க இந்தக் கலையின் மீதே ஓடியது. அங்கே மலையென்று சொல்ல ஒன்றுமில்லை. பெல்ஜியத்தின் டாம் போனன் அதை நான்கு முறை வென்றதில் வியப்பில்லை.

2021 யு.ஏ.இ. டூரின் முதல் கட்டம் அல் தஃப்ரா கோட்டையில் தொடங்கி அல் மிர்ஃபாவில் முடிந்தது. மலைநாள்களுக்காகக் காத்திருந்தவர்கள் அன்று கவனிக்கவில்லை. குறுக்குக்காற்றில் கூட்டம் துண்டு துண்டாக உடைந்தது. கட்டத்தை வென்றவர் மாத்தியூ வான் டெர் பூல். (மறுநாள் காலை அவருடைய அணியின் ஊழியர் ஒருவருக்குக் கோவிட் உறுதியாகி, அணியே மூட்டை கட்டியது.) முன் குழுவில் பொகாச்சார், ஆடம் யேட்ஸ், ஜுவாவ் அல்மைதா மூவரும் இருந்தார்கள். வாரக் கடைசியில் மேடையேறிய மூவரும் அதே வரிசையில் இவர்களே. மலைகள் இந்த மூவருக்குள் யார் யாருக்கு முன்னே என்பதை மட்டும்தான் தீர்மானித்தன. மற்ற அனைவருக்கும் பந்தயம் முதல் நாளே முடிந்திருந்தது. ஜெபெல் ஜெய்ஸ் உச்சியில் அந்த ஆண்டு வென்றவர் யோனாஸ் விங்கேகோர் என்ற, அப்போது அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு டேனிஷ்காரர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர் பிரான்ஸ் டூரை இரண்டு முறை வெல்லப் போகிறார் என்று அந்த மலையில் நின்றவர் எவரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்.

2023இலும் அதே சாலை, அதே காற்று. முன் குழுவில் ரெம்கோ எவனபூல். கடைசி நாள் ஜெபெல் ஹஃபீத் உச்சிக்கு முதலில் வந்தவர் ஆடம் யேட்ஸ், ஆனால் பந்தயம் எவனபூலுக்கு. தனியாக ஒரு கட்டமும் வெல்லாமல் அவர் பந்தயத்தை வென்றார்.

ஆக, “ஒன்றுமே நடக்காத” சமதள நாள்களில்தான் இரண்டு ஆண்டுகளின் கதை எழுதப்பட்டது. அந்த நாள்களை ஒளிபரப்பு எப்படிக் காட்டுகிறது? ஹெலிகாப்டர் மேலெழுந்து ஓர் உல்லாச விடுதியைச் சுற்றி வருகிறது. நீச்சல் குளம், செயற்கைத் தீவு, பளிங்கு மசூதி, மீண்டும் ஒரு விடுதி. பிரான்ஸ் டூரிலும் கோட்டை, தேவாலயம் காட்டுவார்கள்தான். ஆனால் அங்கே கேமரா சாலைக்குத் திரும்பும்போது சாலையோரத்தில் மனிதர்கள் இருப்பார்கள், கொடிகள் இருக்கும், கொடியைப் பார்த்தால் காற்று தெரியும். இங்கே சாலை வெறுமையாக இருப்பதால் கேமராவுக்குச் சாலை பிடிப்பதில்லை. காற்றின் திசையைச் சொல்லும் ஒரு சின்ன அம்புக்குறியைத் திரையின் மூலையில் ஏழு நாளும் வைத்திருந்தால் போதும், பாதிப் புகார் மறைந்துவிடும். சுற்றுலாத் துண்டறிக்கைக்கு நடுவே பந்தயத்தை நாமே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலில் ஒரு சுகம் இருப்பதையும் மறைக்க விரும்பவில்லை. மணல் சாலைக்குக் குறுக்கே எந்தப் பக்கமாக ஊர்கிறது, வீரர்கள் எந்தத் தோளைச் சாய்க்கிறார்கள், ஓர் அணி முழுவதும் திடீரென்று ஏன் முன்னே நகர்கிறது என்று பார்ப்பது, துப்பறியும் கதையை இரண்டாம் முறை வாசிப்பதற்குச் சமம்.

இந்த விளையாட்டைப் பற்றி எழுதிய இலக்கியவாதிகளில் பாலைவனத்துக்கு மிக அருகில் வந்தவர் பாலைவனத்தில் சைக்கிளையே பார்க்காத ஒருவர். இத்தாலிய நாவலாசிரியர் தீனோ புத்ஸாத்தி 1940இல் ஒரு நாவல் எழுதினார். வெறும் நிலத்தின் விளிம்பில் ஒரு கோட்டை, வராத எதிரிக்காக அங்கே ஆயுள் முழுவதும் காத்திருக்கும் ஓர் அதிகாரி. அதே புத்ஸாத்தியை 1949இல் ‘கொரியேரே தெல்லா சேரா’ நாளிதழ் இத்தாலி டூரைப் பின்தொடர அனுப்பியது. கோப்பிக்கும் பார்த்தாலிக்கும் இடையே நடந்த அந்தப் புகழ்பெற்ற போட்டியில் அவர் அக்கிலீஸையும் ஹெக்டரையும் பார்த்தார். அந்தக் காவிய ஒப்பீட்டைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ, அவருக்கு இந்த விளையாட்டு உடனே பிடிபட்டதற்குக் காரணம் காத்திருப்பைப் பற்றி அவர் ஏற்கெனவே ஒரு முழு நாவல் எழுதியிருந்ததுதான் என்று தோன்றுகிறது. கட்டப் பந்தயத்தில் பெரும்பாலான மணிநேரம் வராத தாக்குதலுக்காகக் காத்திருப்பதிலேயே கழிகிறது.

ரோலான் பார்த் 1957இல் வெளியான தம் ‘மித்தாலஜீஸ்’ தொகுப்பில் பிரான்ஸ் டூரைக் காவியமாகவே வாசித்தார். வீரர்களின் பெயர்கள், மலைகளின் குணம், வொந்து மலையின் கொடூரம். அழகான கட்டுரைதான். ஆனாலும் அது நாளிதழ்ப் பந்தயத்தைப் பற்றியது, சாலைப் பந்தயத்தைப் பற்றியது அல்ல. அதற்கு நேரெதிர் டிம் கிராபே 1978இல் டச்சு மொழியில் எழுதிய ‘டி ரென்னர்’. ஒரே ஒரு நாள் பந்தயம், அமெச்சூர் வீரனான கதைசொல்லி, கிலோமீட்டர் கிலோமீட்டராக நகரும் நாவல். கிராபே சதுரங்க வீரரும்கூட. பக்கத்தில் ஓட்டுபவனின் கால் இன்னும் எத்தனை நேரம் தாங்கும் என்று ஓட்டிக்கொண்டே கணக்குப் போடும் மனத்தை அவரைப் போல யாரும் எழுதியதில்லை. மேற்படிப்புக்காகப் பெல்ஜியத்தில் இருந்த இரண்டு ஆண்டுகளில் நான் வாசித்த புத்தகங்களில் பாடநூல்கள் மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

ஆனால் பல நாள் சைக்கிள் என்பது நமக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த செய்தி அல்ல. எண்பதுகளில் தமிழ்நாட்டில் வளர்ந்த எவரையும் கேளுங்கள். ஊர்ப் பொட்டலில் நடுவே ஒரு கம்பம், உச்சியில் ஒலிபெருக்கி, சுற்றிலும் டியூப்லைட். ஒருவர் சைக்கிளில் ஏறி வட்டமடிக்கத் தொடங்குவார். ஏழு நாள், எட்டு நாள், இறங்கவே மாட்டார். சைக்கிளிலேயே சாப்பாடு, சைக்கிளிலேயே குளியல், சைக்கிளிலேயே சட்டை மாற்றுவது. இரவானால் கூட்டம் கூடும். நடுநடுவே ரெக்கார்டு டான்ஸ், மார்பில் டியூப்லைட் உடைப்பது, பல்லால் சைக்கிளைத் தூக்குவது. பிடித்துப் போனவர்கள் சட்டையில் பத்து ரூபாய் நோட்டைக் குத்திவிடுவார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று மைக்கில் ஊர் முழுக்கக் கேட்கும்.

அங்கேயும் கணிப்பு உண்டு, பந்தயம் கட்டுவதும் உண்டு. ஆனால் யார் வெல்வார் என்ற கேள்விக்கே இடமில்லை. ஓட்டுபவர் ஒருவர்தானே. கேள்வி வேறு: ஆள் தாங்குவானா? ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் பார்க்காதபோது இறங்கித் தூங்குகிறானா? இதைக் கண்டுபிடிக்கவே விடிய விடிய உட்கார்ந்திருந்த பெரிசுகள் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள். டீக்கடைக்காரர், ரைஸ்மில் வாட்ச்மேன், தூக்கம் வராத ஓய்வுபெற்ற வாத்தியார். நான்காம் நாள் கால் எப்படி வீங்கும், வட்டம் எப்படிச் சுருங்கும், ஒரு பக்கமாகவே திரும்புவதால் கழுத்து எப்படிச் சாயும் என்றெல்லாம் அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். தொழில்முறைச் சைக்கிள் பந்தயத்தை இன்று வர்ணனை செய்யும் முன்னாள் வீரர்கள் பேசுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தாங்குவதைப் பார்க்கத் தெரிந்த கண் அது. முடிவு தெரிந்த கதையை விடிய விடியப் பார்க்கும் கூத்துக் கண்ணும் அதுதான். அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறுவான் என்று தெரியும். எப்படி ஏறுகிறான் என்று பார்க்கத்தான் கூட்டம்.

பொகாச்சாரின் காலத்தில் ஐரோப்பிய ரசிகர்கள் படும் அவதியைப் பார்க்கும்போது இந்தக் கண்ணின் நினைவு வருகிறது. 2020இல் அவர் பிரான்ஸ் டூரை முதன்முறை வென்ற விதம் கணிப்பவர்களுக்கெல்லாம் இடி. கடைசிக்கு முந்தைய நாள், லா பிளான்ஷ் மலை மீது முடியும் 36 கிலோமீட்டர் தனிநேரப் போட்டி. ரோக்லிச் 57 நொடி முன்னிலையில் இருந்தார். மாலையில் 59 நொடி பின்தங்கியிருந்தார். அன்றைக்குப் பிறகு கதை தலைகீழாகிவிட்டது. 2021, 2024, 2025 என்று பிரான்ஸில் மொத்தம் நான்கு முறை. சொந்த அணியின் தேசமான எமிரேட்ஸில் 2021, 2022, 2025 என்று மூன்று முறை. அவர் தொடக்கக் கோட்டில் நின்றால் வெற்றியாளரைக் கணிக்க ஞானம் தேவையில்லை. “பந்தயம் செத்துவிட்டது” என்று எழுதுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் கொலைகாரன் பெயரை மட்டும் படிக்கிறவர்களுக்கு எந்த நாவலும் செத்ததுதான்.

நான் தொழிலுக்காகச் செய்வதும் ஒருவகைக் கணிப்புதான். எந்த உதிரிபாகம் எந்த மாதம் தீரும், எந்தச் சர்வர் எப்போது மூச்சுத் திணறும் என்று வரலாற்றுத் தரவைக் கொண்டு சொல்ல வேண்டும். சைக்கிளிலும் இப்போது எல்லாம் தரவு. மலையின் நீளம், சாய்வு, ஏறிய நேரம் தெரிந்தால் ஒருவர் கிலோவுக்கு எத்தனை வாட் செலவிட்டார் என்று வீட்டிலிருந்தே ஓரளவு கணக்கிடலாம். ஜெபெல் ஹஃபீத் ஏறக்குறைய 11 கிலோமீட்டர், சராசரி ஏற்றம் 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பிப்ரவரிக்குப் பிப்ரவரி அதே மலை என்பதால் ஒப்பிட மிகவும் வசதி. ஆனால் தரவு நன்றாகச் சொல்வது முதல் ஐந்து பேரைத்தான். அதற்குக் கீழே வந்தால் அது ஊமையாகிவிடுகிறது. நாற்பதாவதாக வருபவர் முடியாமல் நாற்பதாவதாக வந்தாரா, வேலை முடிந்ததால் மெதுவாக வந்தாரா என்று எந்த வாட்டும் சொல்லாது.

எனவே ஜுபைலில் நாங்கள் நாலைந்து பேர் விளையாடும் கணிப்பாட்டத்தில் வெற்றியாளருக்குப் புள்ளியே கிடையாது. இந்த விதியைக் கொண்டுவந்தது நண்பரின் மகள், இங்கேயே பிறந்து வளர்ந்து இப்போது வெளியே கல்லூரியில் படிப்பவள். “எல்லாரும் அதே பேரைத்தானே அங்கிள் எழுதுறீங்க” என்றாள். அவள் வைத்த கேள்விகள்: தப்பி முன்னே ஓடும் சிறு குழுவை எந்தக் கிலோமீட்டரில் பிடிப்பார்கள்? கூட்டத்தின் முகப்பில் அதிக நேரம் இழுக்கப் போகிறவர் யார்? கடைசி நாள் மலைக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? சங்க இலக்கியத்தில் விரிச்சி கேட்பது என்று ஒரு வழக்கம் உண்டு. போருக்குப் போனவன் வருவானா என்று அறிய, ஊர்ப்புறத்தில் போய் நின்று, காதில் விழும் யாரோ ஒருவரின் சாதாரணப் பேச்சிலிருந்து குறி எடுப்பது. முல்லைப்பாட்டில் வயது முதிர்ந்த பெண்கள் அப்படி நிற்கிறார்கள். வெற்றி தோல்வியை அறிய அவர்கள் போர்க்களத்தைப் பார்க்கவில்லை, ஓர் ஆயர்மகள் கன்றிடம் பேசுவதைக் கேட்டார்கள். அந்த மகளின் கணிப்பு முறையும் ஏறத்தாழ அதுதான். வளைகுடாவில் “இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் ஊரு” என்று இருபது வருஷமாகத் தம் கடைசிக் கட்டத்தைக் கணித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களிடையே வளர்ந்த பிள்ளைக்கு இது இயல்பாக வந்திருக்கலாம்.

தலைவருக்காக உழைப்பவரைப் பிரெஞ்சில் டொமெஸ்டிக் என்பார்கள். நேர்ப்பொருள் வீட்டு வேலைக்காரர். தண்ணீர் பாட்டில் வாங்கப் பின்னால் வரும் காருக்குப் போவார், ஏழெட்டு பாட்டிலைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மீண்டும் கூட்டத்தைத் துரத்திப் பிடித்து விநியோகிப்பார், தலைவரின் சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பார், நாள் முழுக்கக் காற்றை வாங்குவார், மலையடிவாரத்தில் விடைபெறுவார். (அந்த பாட்டில் பாலிஎத்திலீன். ஜுபைல் ஆலைகளிலிருந்து கப்பல் கப்பலாகப் போகும் பொருள்.) வெற்றியாளரின் பரிசுப் பணத்தை அணியினர் பங்கிட்டுக்கொள்வது நீண்டகால மரபு. பட்டியலில் மட்டும் பங்கில்லை.

இதைப் பேசிவிட்டு இந்தப் பந்தயத்தை நடத்தும் பணத்தைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையாகாது. 2017இல் பழைய இத்தாலிய அணியொன்று எமிரேட்ஸின் பெயருக்கு மாறியது. இன்று உலகின் வலிமையான அணி அதுவே. எமிரேட்ஸில் ஒரு டூர், ஓமானில் ஒரு டூர், சவூதியில் 2020இல் ரியாத்தைச் சுற்றித் தொடங்கி இப்போது அல்உலாவின் பாறைகளுக்கு நடுவே ஓடும் ஒரு டூர். நாட்டின் முகத்தைக் கழுவிக்கொள்ளவே இந்தச் செலவு என்கிறார்கள் ஐரோப்பிய விமர்சகர்கள். அந்த விமர்சனம் சரியானது. அதே பணத்தில்தான் எங்கள் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் என்பதால் அது சரியில்லாததாகிவிடாது. ஆனால் அதே விமர்சகர்கள் சாலை “வெறுமையாக” இருக்கிறது என்று எழுதும்போது எனக்கு உடன்பாடில்லை. வேலியோரம் மஞ்சள் உடுப்பில் நின்று கைபேசியில் படம் எடுப்பவர்கள் திரையில் ஒரு நொடி வந்துபோகிறார்கள். அந்தச் சாலையைப் போட்டவர்களாக இருக்கலாம், கூட்டிப் பெருக்குபவர்களாக இருக்கலாம். அவர்களில் நம் ஆள்களும் இருப்பார்கள். வளைகுடாவில் அன்றாடம் சைக்கிள் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான், முகாமுக்கும் கடைக்கும் இடையே, விளக்கில்லாத சைக்கிளில், நெடுஞ்சாலையின் ஓரக்கோட்டுக்கு வெளியே. எஷெலானில் இடம் கிடைக்காதவர் தொங்கும் அதே ஓரம். இந்த ஒப்பீட்டை நீட்டினால் மலிவாகிவிடும், விட்டுவிடுகிறேன். வீரர்களுக்கு முறையீடு செய்யும் உரிமையாவது இருக்கிறது. 2015 ஓமான் டூரில் வெக்கையிலும் மணற்காற்றிலும் ஓட்ட முடியாது என்று அவர்கள் நின்றுவிட்டார்கள், அன்றைய கட்டம் ரத்தானது.

முன்பு சொன்ன பென் ஓ'கானருக்கு வருகிறேன். 2021 ஜூலை 4, பிரான்ஸ் டூரின் ஒன்பதாம் கட்டம், ஆல்ப்ஸில் தீன்யே வரை 145 கிலோமீட்டர், நாள் முழுக்க மழை, குளிர். ஓ'கானர் தனியாக வந்து வென்றார். அவருடைய வாழ்வின் பெரிய நாள். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குக் கதை அங்கே முடிந்தது. கணிப்பாட்டத்தின் சுவையான கேள்வி அதன் பிறகுதான் தொடங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் வெற்றியாளரின் நேரத்தோடு ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டி ஒரு கெடு வைப்பார்கள். அதற்குள் வராதவர் மறுநாள் பந்தயத்தில் இல்லை. பாய்ச்சல் வீரர்களுக்கு மலைநாள் என்றால் இந்தக் கெடுவோடுதான் போட்டி. பிரான்ஸின் ஆர்னோ தெமார் அன்று கெடுவைத் தவறவிட்டார். மார்க் கேவண்டிஷ் தவறவிடவில்லை. முப்பத்தாறு வயது, எல்லோரும் கைகழுவிவிட்ட ஆள், சக அணியினர் நடுவில் வைத்து இழுத்து வர உச்சியைக் கெடுவுக்குள் தொட்டார். அடுத்த கட்டத்தை வென்றார், பதின்மூன்றாம் கட்டத்தையும் வென்று எடி மெர்க்ஸின் 34 கட்ட வெற்றி என்ற சாதனையைச் சமன் செய்தார். அதை அவர் முறியடித்தது 2024இல். அந்தச் சாதனைக் கதையின் மிக முக்கியமான நாள் அவர் வென்ற எந்த நாளும் அல்ல, தீன்யேவில் ஓ'கானருக்கு வெகுநேரம் கழித்து வந்த இந்த நாள்தான் என்பது என் வாசிப்பு.

அவருக்கும் பின்னால் ஒருவர் வந்துகொண்டிருந்தார். நிக்கோலஸ் ட்லாமினி, தென்னாப்பிரிக்காவிலிருந்து பிரான்ஸ் டூருக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். வழியில் விழுந்து, கூட்டத்தை இழந்து, தனியாக. கெடு முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். காரில் ஏறிவிட்டிருக்கலாம். ஓ'கானர் வந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆன பிறகு அவர் கோட்டைக் கடந்தார். விதிப்படி அந்த ஓட்டத்துக்கு மதிப்பே இல்லை. மறுநாள் அவர் பட்டியலில் இல்லை. ஊர்ப் பொட்டலில் விடிய விடிய உட்கார்ந்திருந்த அந்த வாத்தியார் இதைப் பார்த்திருந்தால் சட்டையில் நோட்டைக் குத்தியிருப்பார்.

அதே டூரின் கடைசி நாள் பாரிஸில் 141 பேர் முடித்தார்கள். 141ஆவது பெயர் டிம் டெக்லெர்க், கேவண்டிஷின் அணி. சக வீரர்கள் வைத்த பட்டப்பெயர் டிராக்டர். சமதள நாள்களில் கூட்டத்தின் தலையில் முதல் ஆளாக, மணிக்கணக்கில், மூன்று வாரமும் இழுத்தவர் அவர். கேமரா அவரை நாள்தோறும் காட்டியது, அவரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதிக நேரம் முதலில் ஓட்டியவர்களில் ஒருவர் கடைசியில் வருவது ஒரு முரண் என்று நினைத்தால், அது பட்டியலை மட்டும் படிப்பதால் வரும் நினைப்பு.

ஜெபெல் ஹஃபீத்தில் ஒவ்வொரு ஆண்டும் ஒளிபரப்பு ஒரே இடத்தில் நிற்கிறது. முதலில் வந்தவர் கையை உயர்த்துகிறார், அடுத்த ஏழெட்டுப் பேர் வந்து சைக்கிள் மேல் சரிகிறார்கள், பிறகு ஒரு ஹெலிகாப்டர் காட்சி, அடிவாரத்தில் அல் ஐனின் ஈச்சந்தோப்புகள், மேடை, கோப்பை. பின்தங்கியவர்கள் கூட்டாகச் சேர்ந்து ஏறும் அந்தப் “பஸ்” அப்போதும் மலையின் பாதியில் இருக்கிறது. அதில் பாட்டில் சுமந்தவர்கள் இருக்கிறார்கள், வாரம் முழுக்கக் காற்று வாங்கியவர்கள் இருக்கிறார்கள், முதல் நாள் அல் மிர்ஃபா சாலையில் கயிறு அறுந்தவர்கள் இருக்கிறார்கள். முடிவுத் தாளில் அவர்களை ஒரே நேரத்தின் கீழ் வரிசையாக அடுக்கியிருப்பார்கள், இருபது முப்பது பெயர்கள். அந்த அடுக்கின் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும்தான் எங்கள் ஆட்டத்தில் அதிகப் புள்ளி.